பழைய 'டர்போ' என்ஜின் வாங்கலாமா?

தூத்துக்குடி கடலில் ஒரு காலத்தில் முத்துக் குளித்தார்கள். 1961-ம் ஆண்டோடு அது நின்று போயிற்று. முத்துக் குளிப்பவர் கடலுக்குள் இறங்கும்போது, மேலே கயிற்றைப் பிடித்துக்கொள்ளத் தன் மச்சானைத்தான் அழைத்துப் போவாராம். மனைவியின் உடன் பிறந்தவன் அல்லவா? தங்கையின் தாலிக்கு ஆபத்து வர விடமாட்டான் என்ற நம்பிக்கை!

இன்று திரேஸ்புரம் கரையில் இருந்து வள்ளங்கள் மீன் பிடிக்கப் போகின்றன. என்ஜின் ஓட்டுகிறது. நடுக்கடலில் அந்த என்ஜின்தான் மச்சான். அதை எப்படித் தேர்ந்து எடுப்பது?

"புது என்ஜின் விலை அதிகம் அண்ணாச்சி. காயலான் கடையில் லாரி என்ஜின் ஒன்று இருக்கிறது. டர்போ வைத்தது. இழுப்பு அதிகம். மலிவாக முடித்துத் தருகிறேன்" என்று தரகர் சொல்வார். உடனே வீட்டில் உள்ள சங்கிலி அடகுக் கடைக்குப் போகும்.

கொஞ்சம் பொறுங்கள்!

டர்போ என்றால் என்ன?

அடுப்பை ஊதுகுழலால் ஊதினால் நன்றாக எரியும். என்ஜினும் அப்படித்தான். 1 கிலோ டீசல் முழுவதும் எரிய சுமார் 14½ கிலோ காற்று தேவை. காற்றை அழுத்தி உள்ளே தள்ளினால், அதே என்ஜினில் அதிக டீசலை எரிக்கலாம். சக்தி கூடும்.

இப்படிக் காற்றைத் தள்ளும் கருவி இரண்டு வகை. என்ஜினே பெல்ட் போட்டுச் சுற்றுவது 'சூப்பர் சார்ஜர்'. கார் பந்தயப் பிரியர்களுக்கு இதன் மீது மோகம் உண்டு. வெளியேறும் புகையின் வேகத்தால் சுற்றுவது 'டர்போ சார்ஜர்'. ஸ்விட்சர்லாந்து என்ஜினீயர் ஆல்பிரட் பியூக்கி 1905-ம் ஆண்டு இதற்குக் காப்புரிமை பெற்றார். லாரிகளில் இருப்பது இதுதான்.

சிறிய டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுற்றும். அதைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலம்! எண்ணெய் கெட்டால் டர்போ கெட்டது.

லாரி வேறு, வள்ளம் வேறு

லாரி ஏற்றத்தில் திணறும், இறக்கத்தில் இளைப்பாறும். எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர வைக்கும். கடலில் இறக்கம் கிடையாது. மணிக்கணக்கில் ஒரே பாரத்தை இழுக்க வேண்டும். நாள் முழுவதும் கொடைக்கானல் மலை ஏறும் லாரியை நினைத்துப் பாருங்கள்!

வள்ளத்து என்ஜினுக்குக் கடல் தண்ணீரால் குளிர வைக்கும் ஏற்பாடு தனியாக வேண்டும். உப்பு இரும்பைத் தின்னும். டர்போ பழுக்கக் காயும். பக்கத்துப் பலகையிலும் டீசல் குழாயிலும் தீப்பிடிக்காமல் இருக்க மறைப்பு வேண்டும். இந்தச் செலவை எல்லாம் கூட்டினால் மலிவு எங்கே?

இன்னொன்று. சக்தியை இரண்டு மடங்கு ஆக்கினால் வேகம் இரண்டு மடங்கு ஆகாது. வேகம் இரட்டிக்க ஏறக்குறைய எட்டு மடங்கு சக்தி வேண்டும். கூடும் வேகம் கொஞ்சம். குடிக்கும் டீசல் ஏராளம்!

தொட்டுப் பாருங்கள்

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், தெரிந்த மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள். என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருமுன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். சூடான என்ஜின் தன் நோயை மறைக்கும்.

ஓட்டச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. கரும்புகை நிற்காமல் வந்தால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம். எண்ணெய், பால் கலந்த டீ போல இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. அந்த என்ஜின் வேண்டாம்.

பிறகு என்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றச் சொல்லுங்கள். சக்கரத்தின் இதழ்கள் நெளிந்தோ மூளியாகவோ இருக்கக் கூடாது. விரலால் தள்ளினால் தடை இல்லாமல் சுற்ற வேண்டும். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம். ஆனால் இதழ் கூட்டில் உரசக் கூடாது. முன்னும் பின்னும் ஆட்டம் தெரிந்தால் தேய்ந்துவிட்டது.

ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். திருட்டு லாரியின் என்ஜினாக இருந்தால் பணமும் போகும், மானமும் போகும்.

இத்தனையும் பார்த்து வாங்கினாலும் பழையது பழையதுதான். சிறு வள்ளத்துக்கு, சக்தி குறைவானாலும், படகுக்கு என்றே செய்த எளிய என்ஜினே நல்லது என்பது என் கருத்து. அதில் கெடுவதற்கு உள்ள பொருள்களும் குறைவு.

தாய்மார்களே! கடைசி வார்த்தை உங்களுக்கு. "எவ்வளவு வேகம் போகும்?" என்று எல்லாரும் கேட்பார்கள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுக்கும் முன்பு, நீங்கள் ஒன்று கேளுங்கள்.

"இது திரும்பி வருமா?"