கையில் ஒட்டிய காவல்காரன்

ஆசையாய் வாங்கிய சாமானைப் பத்து நாளில் அலமாரியில் போட்டுவிடுவது நம் குடும்பங்களில் சகஜம். உடற்பயிற்சிச் சைக்கிள் அப்படிக் கிடந்தால் பணம்தான் நஷ்டம். இன்சுலின் பம்பும் சர்க்கரை காட்டும் சென்ஸாரும் அலமாரிக்குப் போனால், நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை.

வடசென்னை ஸ்டான்லியில் 1948-இல் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்று தனிச் சிகிச்சைப் பிரிவு தொடங்கிய காலத்தில், கண்ணாடி ஸிரிஞ்சைக் கொதிக்க வைத்துத்தான் ஊசி போட வேண்டும். சிறுநீரைக் காய்ச்சித்தான் சர்க்கரையைக் கண்டுபிடிக்க வேண்டும். 1960-களின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் செய்த முதல் பம்பை முதுகில் மூட்டையாகச் சுமக்க வேண்டியிருந்ததாம்! இன்றோ பம்பு சீட்டுக்கட்டு அளவுதான். மெல்லிய குழாய் வழியாக நாள் முழுவதும் துளித் துளியாக இன்சுலின் தருகிறது. சென்ஸார் மேற்கையில் ஒட்டிக்கொண்டு, சில நிமிஷங்களுக்கு ஒரு முறை சர்க்கரை அளவைச் சொல்கிறது.

இவ்வளவு சௌகரியமானதை ஏன் கழற்றிப் போடுகிறார்கள்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் ஓர் இளைஞரை நினைத்துக்கொள்ளுங்கள். சிறுவயது முதல் இன்சுலின் போடுகிறவர். ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறு வாரம் இரவு ஷிப்ட். சாப்பாடும் தூக்கமும் தினுசு தினுசாக மாறும். கருவி இவருக்குத்தான் மிகவும் தேவை; கழற்றக் காரணங்களும் இவருக்குத்தான் அதிகம். வியர்வையில் ஒட்டு பிய்கிறது. தூங்கப் போனால் மணி அடிக்கிறது. உடன் வேலை செய்பவர் "அது என்ன?" என்று கேட்டால் கூச்சம். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவின் முதல் கேள்வி: "இப்ப எவ்வளவுடா?"

இவற்றில் பலவற்றுக்கு வீட்டிலேயே பரிகாரம் உண்டு.

தோலை நன்றாகக் கழுவி, ஈரம் உலர்ந்த பிறகே ஒட்ட வேண்டும். எண்ணெய் தேய்த்த கையில் நிற்காது. மேலே போடும் தனிப் பிளாஸ்திரிகளும் கிடைக்கின்றன. அரிப்பு எடுத்தால் இடத்தை மாற்றி, டாக்டரிடம் காட்டுங்கள். மணி ஓயாமல் அடித்தால் முழுவதையும் நிறுத்திவிடாதீர்கள். அபாயமாகச் சர்க்கரை குறையும்போது அடிப்பதை அவசியம் வைத்துக்கொண்டு, மற்றவற்றைச் சரிசெய்து தரச் சொல்லி டாக்டரைக் கேளுங்கள். கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைக்கும் தொழிற்சாலையானால், டாக்டரின் கடிதத்தோடு அனுமதி கேட்கலாம். சில சென்ஸார்களுக்குத் தனி ரீடரும் உண்டு.

அளவு 70-க்குக் கீழே போனால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள். சென்ஸார் காட்டும் எண் சற்றுப் பின்தங்கியே வரும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிதான்.

பம்பில் இருப்பது விரைவாக வேலை செய்து விரைவாகத் தீரும் இன்சுலின். குழாய் மடங்கினாலோ கழன்றாலோ சில மணி நேரத்தில் சர்க்கரை ஏறி உயிருக்கே ஆபத்து வரலாம். ஆகையால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை குழாயை மாற்றுவதும், ஊசியைக் கைவசம் வைத்திருப்பதும் கட்டாயம். வாந்தி, வயிற்று வலி, மூச்சிரைப்பு கண்டால் தாமதம் வேண்டாம். நம் வெயிலில் இன்சுலின் கெட்டுப்போகும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் ஈரமண் பானை நல்ல துணை.

வாங்கும் முன்னரே மாதச் செலவைக் கணக்குப் போடுங்கள். பம்பை ஒரு தடவை வாங்கினால் போதாது. குழாயும் சென்ஸாரும் தொடர்ந்து வேண்டும். கட்டுப்படியாகாவிட்டால் வெட்கமில்லை. ஊசியும் விரல் சோதனையும் ஒழுங்காக நடந்தால் அதுவும் நல்ல வைத்தியமே. டாக்டர் சொல்லும்போது மட்டும் இரண்டு வாரம் சென்ஸார் ஒட்டிப் பார்ப்பவர்களும் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. அந்த எண் பள்ளிக்கூட மார்க்கு போல ஆகிவிட்டால், திட்டுக்குப் பயந்தே கருவியைக் கழற்றிவிடுவார்கள். 250 என்று காட்டினால், "என்ன தின்றாய்?" என்று அதட்டாதீர்கள். குழாய் சரியாக இருக்கிறதா என்று கூட உட்கார்ந்து பாருங்கள். ஷிப்ட் முடிந்து வருகிற பிள்ளையிடம் முதலில், "சாப்பிட்டாயா, கண்ணா?" என்று கேளுங்கள். எண்ணை அவனே சொல்வான்.