செம்புக்காக எரியும் வயர்கள்



போகிக்கு டயர் கொளுத்தாதீர்கள் என்று வருஷா வருஷம் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்கிறார்கள், நல்லதுதான். மற்ற நாட்களில் எங்கள் ஏரிக்கரையில் பொழுது சாய்ந்ததும் பழைய வயர்களைக் குவித்துக் கொளுத்துவதை யாரும் கேட்பதில்லை. உறை எரிந்து அடங்கியதும் சாம்பலைக் கிளறி, கறுத்த செம்புக் கம்பியைக் கோணியில் அள்ளிக்கொண்டு போகிறார்கள்.

அந்த உறை பி.வி.சி.; குளோரின் நிறைந்தது. எரியும்போது கிளம்பும் ஹைட்ரஜன் குளோரைடு, கண்ணிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தில் கரைந்து அமிலமாகிறது. இந்த எரிச்சலாவது உடனே தெரியும். அதே புகையில் வரும் டையாக்சின் என்ற நச்சு அப்படியல்ல. அது உருவாக உள்ளே இருக்கும் செம்பே வினையூக்கி. புல்லில் படிந்து, மேயும் மாட்டின் பால்கொழுப்பு வழியாக நம் வீட்டுக்கே வரும். உடலில் சேர்ந்தது பாதியாகக் குறையவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும்.

வெட்டவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே உத்தரவிட்டது. ஆனால் எரிப்பவர் அன்றாடங்காய்ச்சி. புகையை முதலில் குடிப்பவரும் அவரே. எரிக்காமலேயே வயர் உறையை உரிக்க இயந்திரம் இருக்கிறது. எனவே அவரை விட்டு, கருகிய கம்பியைக் கேள்வி கேட்காமல் எடைபோட்டு வாங்கும் காயலான் கடைகளில் இருந்து அதிகாரிகள் சோதனையைத் தொடங்கட்டும்.

- ஒரு வாசகர், ஆவடி