யாருக்கும் பொறுப்பில்லாத கட்டணம்!

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று நிம்மதிப் பெருமூச்சு விட்ட குடும்பம், வீடு திரும்பும் நாளில் மருத்துவமனையின் கணக்குப் பிரிவு முன்பு மீண்டும் கலங்கி நிற்கிறது. பல பக்கங்களுக்கு நீளும் பில்லில் அறுவை மருத்துவருக்கு ஒரு கட்டணம், மயக்க மருந்து நிபுணருக்கு ஒரு கட்டணம், அறுவை அரங்கத்துக்கு ஒரு கட்டணம். அவற்றின் கீழே, "உதவி அறுவை மருத்துவர்" என்று இன்னொரு வரி. அவர் யார், எத்தனை பேர், எந்தக் கணக்கில் இந்தத் தொகை என்பது மயக்கத்தில் கிடந்த நோயாளிக்கு எப்படித் தெரியும்? அதைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்குமா, ஏற்காதா என்பதும் அந்த நிமிடம் வரை குடும்பத்தினருக்குத் தெரிவதில்லை.

இதய அறுவைச் சிகிச்சையோ, மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையோ ஒருவர் கையால் முடிகிற காரியமல்ல. உதவி அறுவை மருத்துவரின் பணி இன்றியமையாதது. அவருக்கு உரிய ஊதியம் தரப்பட வேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால், பல தனியார் மருத்துவமனைகளில் அவரது கட்டணம் தலைமை அறுவை மருத்துவரின் கட்டணத்தில் இத்தனை சதவீதம் என்று கணக்கிடப்படுகிறது. தலைமை மருத்துவரின் கட்டணமோ நோயாளி தங்கும் அறையின் தரத்துக்கேற்ப உயர்கிறது. பொது வார்டு நோயாளிக்கும் தனியறை நோயாளிக்கும் அதே மேஜையில், அதே கைகள், அதே நேரம் உழைக்கின்றன. கட்டணம் மட்டும் வேறுபடுகிறது.

மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். திட்டத்தில் ஓர் அறுவைச் சிகிச்சைக்கு ஒட்டுமொத்தமாக ஒரு தொகை நிர்ணயிக்கப்படுகிறது. 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்திலும் அதே முறைதான். உதவியாளரின் ஊதியம் அந்தத் தொகைக்குள் அடக்கம். ஆக, அரசு பணம் தரும்போது ஒரே தொகைக்குள் அடங்குகிற சேவை, தனிமனிதர் தன் பணத்தில் பிரீமியம் செலுத்திக் காப்பீடு எடுக்கும்போது மட்டும் பல வரிகளாகப் பிரிந்துவிடுகிறது.

அந்த வரிகளில் எவை காப்பீட்டுக்குள் வரும் என்பது அடுத்த குழப்பம். எல்லா நிறுவனங்களும் ஒரே வாசகத்துடன் விற்க வேண்டும் என்று 2020-இல் கொண்டுவரப்பட்ட "ஆரோக்கிய சஞ்சீவனி" பாலிசி, அறுவை மருத்துவர், மயக்க மருந்து நிபுணர், மருத்துவர், ஆலோசகர், சிறப்பு நிபுணர் ஆகியோரின் கட்டணங்களைப் பட்டியலிடுகிறது. உதவி அறுவை மருத்துவர் என்று தனியாகப் பெயர் குறிப்பிடவில்லை. மருத்துவ கவுன்சிலில் பதிவு பெற்றவரே மருத்துவர் என்பது காப்பீட்டின் இலக்கணம். எனவே, உதவியவர் பதிவு பெற்ற மருத்துவரானால் கேட்க வழியுண்டு. அவர் அறுவை அரங்கத் தொழில்நுட்பப் பணியாளர் என்றால் தனிக் கட்டணத்தை நியாயப்படுத்துவது கடினம். இந்த வேறுபாட்டை நோயாளிக்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்வது யார் பொறுப்பு?

அறை வாடகைக்கு வரம்பு உள்ள பாலிசிகளில் இந்தச் சுமை இரட்டிப்பாகிறது. எடுத்துக்காட்டாக, நாளொன்றுக்கு ரூ.5,000 வரம்பு உள்ளவர் ரூ.10,000 அறையில் தங்கினால், வாடகையில் மட்டுமே பாதியை இழப்போம் என்றுதான் நினைப்பார். ஆனால், அறுவை மருத்துவருக்கு ரூ.80,000, உதவியாளருக்கு ரூ.20,000 என்று பில்லில் இருந்தால், அதே விகிதத்தில் அவையும் வெட்டப்பட்டு ரூ.50,000 அவர் தலையில் விழும். மருந்து, உள்பொருத்தும் சாதனங்கள், பரிசோதனைகள், தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணம் ஆகியவற்றில் இந்த வெட்டு கூடாது என்றும், அறையின் தரத்தைப் பொறுத்துக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனைகளில் இந்த வெட்டே கூடாது என்றும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-லேயே விதி வகுத்தது. அந்த விதி தெரிந்து வாதாடும் நோயாளிகள் எத்தனை பேர்?

ஆணையம் கைகட்டி நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான அனுமதி குறித்து ஒரு மணி நேரத்துக்குள்ளும், வீடு திரும்பும்போது இறுதி ஒப்புதல் குறித்து மூன்று மணி நேரத்துக்குள்ளும் முடிவெடுக்க வேண்டும் என்று 2024 மே மாதம் அது உத்தரவிட்டது. கோரிக்கையை மறுத்தால் பாலிசியின் எந்த விதிப்படி என்று சுட்டிக்காட்ட வேண்டும் என்றும் கூறியது. பஞ்சு, அறுவைக் கத்தி, துணிக்கட்டு போன்றவை சிகிச்சைக் கட்டணத்துக்குள்ளேயே அடங்கும் என்று பட்டியலும் உண்டு. ஆனால், காப்பீட்டு நிறுவனத்தைத்தான் அந்த ஆணையம் தட்டிக் கேட்க முடியும், மருத்துவமனையை அல்ல.

பிரச்னையின் ஆணிவேர் இங்குதான் இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின்படி காப்பீடு மத்தியப் பட்டியலில் உள்ளது. மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலில் உள்ளன. ஒரே பில்லின் ஒரு பாதிக்கு ஓர் அரசு, மறுபாதிக்கு இன்னோர் அரசு. காப்பீட்டு நிறுவனம் வெட்டிய தொகைக்கு, ரூ.50 லட்சம் வரையிலான வழக்குகளைக் கட்டணமின்றி விசாரிக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். மருத்துவமனை கூடுதலாக வசூலித்ததற்கோ நுகர்வோர் ஆணையத்தின் படியேற வேண்டும். இரு தரப்பையும் சேர்த்து ஒழுங்குபடுத்தும் ஆணையம் இல்லை.

மருத்துவ நிறுவனங்களுக்கான மத்தியச் சட்டம் 2010-இல் நிறைவேறியது. ஒவ்வொரு சேவைக்குமான கட்டணத்தை வட்டார மொழியிலும் ஆங்கிலத்திலும் கண்ணில்படும்படி எழுதி வைக்க வேண்டும், மத்திய அரசு மாநிலங்களுடன் கலந்து நிர்ணயிக்கும் வரம்புக்குள் வசூலிக்க வேண்டும் என்று 2012-இல் வகுக்கப்பட்ட விதிகள் கூறின. பேரவையில் தீர்மானம் நிறைவேற்றி ஏற்றுக்கொண்ட மாநிலங்களில்தான் இது செல்லும். தமிழகத்துக்கு 1997-ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. விதி வந்து 12 ஆண்டுகளாகியும் கட்டண வரம்பு நிர்ணயிக்கப்படாததைக் கண்ட உச்சநீதிமன்றம், மாநிலங்களுடன் பேசி முடிவெடுக்குமாறு 2024 பிப்ரவரியில் மத்திய அரசைப் பணித்தது. தவறினால் சி.ஜி.எச்.எஸ். கட்டணங்களையே இடைக்கால ஏற்பாடாகக் கொண்டுவருவதைப் பரிசீலிக்க நேரும் என்றும் எச்சரித்தது. சட்டம் இயற்றுவதில் உள்ள வேகம், அதைச் செயல்படுத்துவதில் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மருத்துவத்தைப் பெருமளவு சந்தையிடம் ஒப்படைத்துவிட்ட அமெரிக்காகூட இந்த ஒரு வரிக்கு விடை கண்டிருக்கிறது. அங்கு முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், உதவி அறுவை மருத்துவருக்கு அந்தச் சிகிச்சைக்கான கட்டணத்தில் 16 சதவீதம் என்று முன்கூட்டியே வரையறுத்துள்ளது. எந்த அறுவைச் சிகிச்சைக்கு உதவியாளர் கட்டணம் தரப்படும் என்பதற்கும் பட்டியல் உண்டு. காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்பந்த மருத்துவமனையில், ஒப்பந்தத்தில் இல்லாத உதவி அறுவை மருத்துவர் பணிபுரிந்தாலும், மிச்சத் தொகையை நோயாளியிடம் கேட்கக் கூடாது என்று 2022 ஜனவரி முதல் அங்கு சட்டம் தடுக்கிறது. நோயாளியிடம் கையெழுத்து வாங்கி அந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க வைக்கவும் வழியில்லை. கட்டணத் தகராறு மருத்துவருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையிலானது. நோயாளி அதில் பகடைக்காய் அல்ல என்பதே அந்தச் சட்டத்தின் சாரம்.

2021-22-ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கணக்குப்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் தங்கள் கையிலிருந்து நேரடியாகச் செலவிட்டது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கான 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் நீக்கப்பட்டது வரவேற்கத்தக்கது. ஆனால், பிரீமியம் குறைந்து பில்லில் வெட்டு தொடர்ந்தால் யாருக்கு என்ன பயன்?

அறுவைச் சிகிச்சைக்கு முன்பே உதவியாளர் கட்டணம் உள்பட முழு மதிப்பீட்டையும் எழுத்துமூலம் தருவதை மாநில அரசுகள் கட்டாயமாக்க வேண்டும். உதவி அறுவை மருத்துவர் கட்டணம் காப்பீட்டில் அடங்குமா என்பதைப் பாலிசியில் வெளிப்படையாக எழுத ஆணையம் உத்தரவிட வேண்டும். நாடு முழுவதற்கும் ஒரே பில் படிவம் சட்டப்படி கட்டாயமாக வேண்டும். இவற்றுக்கு மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து அமர்ந்தால் போதும்; புதிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

அறுவை மேஜையில் நோயாளி தன் உயிரையே முன்பின் தெரியாத கைகளில் நம்பி ஒப்படைக்கிறார். அந்தக் கைகளுக்கான கூலி எவ்வளவு, அதை யார் தருவது என்பதை மயக்கம் தெளிந்த பிறகுதான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அநீதி!