சூப்பர் கம்ப்யூட்டர் வாங்கினால் மட்டும் போதுமா?

திருச்சி என்ஐடியில் 2022 மே மாதம் ‘பரம் பொருள்’ சூப்பர் கம்ப்யூட்டர் செயல்பாட்டுக்கு வந்தது. திறன் 838 டெராஃபிளாப்ஸ்; அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். நம் திண்டுக்கல்லிலிருந்து அது சுமார் நூறு கிலோமீட்டர் தூரம்தான். ஆனால், அந்தத் திறனில் எவ்வளவு நம் கைக்கு வந்துசேரும் என்பது, நாம் எழுதும் புரோகிராமை இயந்திரத்துக்கான கட்டளைகளாக மாற்றித்தரும் கம்பைலரையும் பொறுத்தது.

திண்டுக்கல்லின் எந்தப் பொறியியல் கல்லூரி ஆய்வகத்திலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். இரண்டு பெரிய அணிகளைப் பெருக்கும் சி புரோகிராமில் மூன்று லூப்கள் இருக்கும். அவற்றின் வரிசையை மட்டும் மாற்றினால் விடை மாறாது. ஓடும் நேரம் பல மடங்கு மாறும். காரணம் எளிது. நினைவகத்திலிருந்து ஒரு தடவைக்கு வழக்கமாக 64 பைட், அதாவது ஒவ்வொன்றும் 8 பைட் கொண்ட எட்டு தசம எண்கள் சேர்ந்தே வருகின்றன. கிடைவரிசையில் போனால் எட்டும் பயன்படும். நெடுவரிசையில் போனால் ஒன்றைத் தொட்டுவிட்டு மற்ற ஏழையும் விட்டுவிடுகிறோம். ஒட்டன்சத்திரம் சந்தைக்கு லாரி அனுப்பி, ஒரே ஒரு கூடைத் தக்காளி ஏற்றிவருவது போன்ற வீண்செலவு இது. இதைக் கண்டு லூப் வரிசையைத் தானே மாற்றுவது நல்ல கம்பைலரின் வேலை.

ஒரே கணக்கைத் திரளான தரவுகள்மீது ஒரே நேரத்தில் நடத்துவதே தரவு இணைநிரலாக்கம். வானிலைக் கணிப்பும் செயற்கை நுண்ணறிவும் இதை நம்பியே இருக்கின்றன. வேலையைப் பல செயலிகளுக்குப் பிரித்துக்கொடுக்கும் பொறுப்பைக் கம்பைலரே ஏற்பது எளிதல்ல. 1993இல் வந்த ஹை பெர்ஃபார்மன்ஸ் ஃபோர்ட்ரான் மொழி அதற்கு முயன்று, எதிர்பார்த்த வேகத்தைத் தர முடியாமல் பின்தங்கியது.

இதற்கு வழி திறந்தது நாடு கடந்த உழைப்பில்தான். பிரான்ஸின் பால் ஃபோட்ரியே 1990களின் தொடக்கத்தில் கணித அடித்தளம் அமைத்தார். அதன்மீது 2008இல் ஒஹாயோ, லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் நால்வர், லூப்களைத் தானாகவே மாற்றியமைக்கும் ‘புளூட்டோ’ கருவியை வெளியிட்டார்கள். பிரெஞ்சு ஆய்வாளர்கள் எழுதிய நிரல் தொகுப்புகளையும் அதில் பயன்படுத்தினார்கள். நால்வரில் சதயப்பன், ராமானுஜம், உதய் பொந்துகுலா ஆகிய மூவரும் சென்னை ஐஐடியில் பி.டெக். படித்தவர்கள். பொந்துகுலா 2011இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து இதே ஆய்வைத் தொடர்ந்தார். 2019இல் கூகுள் வெளியிட்ட எம்எல்ஐஆர் என்ற கம்பைலர் கட்டமைப்பை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர்.

சிப் நிறுவனங்களே கம்பைலர் தருகின்றனவே என்று கேட்கலாம். அவை முதலில் தம் சிப்புக்காகவே எழுதுகின்றன. அவற்றை மட்டும் நம்பினால் ஒரே நிறுவனத்திடம் கட்டுண்டு கிடப்போம். புளூட்டோவும் எம்எல்ஐஆரும் திறந்த மூலம் கொண்டவை. திண்டுக்கல் மாணவரும் அவற்றின் உள்ளே புகுந்து படிக்கலாம், திருத்தலாம், திருத்தத்தை உலகக் குழுவுக்கு அனுப்பலாம்.

தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்துக்கு 2015இல் 4,500 கோடி ரூபாய் ஒப்புதலானது. அத்தகைய முதலீட்டின் ஒரு பங்கு மனிதர்களுக்கும் போய்ச்சேர வேண்டும். கம்பைலர் பாடம் தேர்வுத்தாளோடு நிற்காமல் ஆய்வகத்துக்கு வர வேண்டும். ‘பரம் பொருள்’ போன்ற கணினிகளில் மாவட்டக் கல்லூரிகளுக்கு நேரம் ஒதுக்கப்பட வேண்டும். இங்குள்ள ஆசிரியர்கள் வெளிநாட்டுக் குழுக்களுடன் சேர்ந்து ஆய்வு செய்ய ஊதியத்துடன் விடுப்பு தர வேண்டும். வாங்கிய இயந்திரம் சில ஆண்டுகளில் பழசாகிவிடும். கம்பைலர் எழுதக் கற்ற தலைமுறையோ, அடுத்து வரும் ஒவ்வொரு இயந்திரத்திலிருந்தும் முழுப் பலனைப் பெற்றுத் தரும்.