பேண்டு மாஸ்டருக்குப் பட்டம் யார் தருவது?

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. தமிழ் ஊடகங்கள் ஒரு வாரம் கொண்டாடின. கொண்டாட வேண்டிய நிகழ்வுதான். ஆனால் அந்த மேடையில் கோலைப் பிடித்து ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை நடத்தியவர் மிக்கேல் டாம்ஸ் என்னும் ஐரோப்பியர். அதில் குறையேதும் இல்லை. எழுதுபவர் ஒருவர், நடத்துபவர் ஒருவர் என்பது அங்கே வழக்கம். நமக்கு எழ வேண்டிய கேள்வி வேறு. அந்தக் கோல் பிடிக்கும் வேலையைத் தமிழ்நாட்டில் ஒரு பிள்ளை எங்கே போய்ப் படிப்பது?

நம்மூரில் கண்டக்டர் என்றால் பேருந்துதான் நினைவுக்கு வரும். இசையில் கண்டக்டர் என்பது தனிப் படிப்பு. மேலை நாடுகளில் இளங்கலை முடித்து, முதுகலையாகவும் முனைவர் பட்டமாகவும் படிக்கிறார்கள். அதிலும் இரண்டு பிரிவு உண்டு. வயலின் முதலான நரம்புக் கருவிகள் நிறைந்த ஆர்க்கெஸ்ட்ரா ஒன்று. கிளாரினெட், டிரம்பெட், யூஃபோனியம், டிரம் என ஊதுகருவிகளும் தாளக்கருவிகளுமாக அமையும் காற்றுக்கருவிக் குழு இன்னொன்று. இந்த இரண்டாவதற்கு 1952இல் ஃபிரெடரிக் ஃபென்னல் ஈஸ்ட்மேன் இசைக்கல்லூரியில் ஒரு புது வடிவம் கொடுத்தார். இன்று அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அது தனித் துறை.

அந்தக் கருவிகளின் பட்டியலை ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் யாரிடமாவது வாசித்துக் காட்டுங்கள். "இது நம்ம பேண்டு செட்டுதானே" என்பார்கள்.

ஆமாம், அதேதான். இந்தத் தோல் பதனிடும் வட்டாரத்தில் பகலில் தொழிற்சாலைக்குப் போய், அழைப்பு வந்தால் சீருடை மாட்டிக்கொண்டு டிரம்பெட் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் சேரியிலிருந்து வருபவர்கள். அவர்களுக்கு ஒரு மாஸ்டர் இருப்பார். புதுப் பாட்டு வந்தால் கைப்பேசியில் நாலு தடவை கேட்பார். கிளாரினெட்டுக்கு எது, யூஃபோனியத்துக்கு எது என்று வாயால் பாடியே பிரித்துக் கொடுப்பார். பி ஃபிளாட் டிரம்பெட்டுக்கும் ஈ ஃபிளாட் சாக்சபோனுக்கும் ஒரே சுரம் வேறு வேறு விரலில் விழும். அந்தக் கணக்கு அவருக்குத் தாளில் தெரியாது, காதில் தெரியும். நடந்துகொண்டே நடத்துவார். டிரம்பெட்டின் வாயை ஒரு சாண் உயர்த்தினால் பாட்டு மாறும், இறக்கினால் நிற்கும். சாவு ஊர்வலத்தில் பாடை தூக்குபவர்களின் நடைக்கு ஏற்ப வேகம் வைப்பார். கல்யாண வீட்டு வாசலில் ஆடும் பையன்களின் காலைப் பார்த்து வேகம் கூட்டுவார். பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு சொல்லிக் கொடுக்கும் வேலையில் பாதி இது.

ஆனாலும் ஊர் அவரை அழைப்பது "பேண்டுக்காரன்" என்று. பேசிய கூலியில் கடைசி நேரத்தில் பிடித்தம். சாப்பாடு பந்தலுக்கு வெளியே.

தோலின் கதையையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பறைக்கும் தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் தோல் வேண்டும். மிருதங்கத்துக்கு மாடு, ஆடு, எருமை மூன்றின் தோலும் தேவை. அதைச் செய்துகொடுக்கும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று ஒரு நூல் எழுதினார். அதன் வெளியீட்டுக்குக் கொடுத்திருந்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்திரா திரும்பப் பெற்றுக்கொண்டது. தோல் மேடைக்குப் போகலாம், அதை உரித்தவன் பெயர் மேடைக்குப் போகக் கூடாது. ஊதுகருவியிலும் நடப்பது இதுதான். சத்தம் தெருவுக்கு வேண்டும், வாசித்தவன் திண்ணைக்கு வரக் கூடாது.

பேண்டு இசை வெள்ளைக்காரப் படையோடு வந்தது. பிரிட்டிஷ் ராணுவம் தன் பேண்டு மாஸ்டர்களுக்காக 1857இல் நெல்லர் ஹாலில் பள்ளி தொடங்கியது. கிரிமியப் போர்க்காலத்தில் ஓர் அணிவகுப்பில் ஒவ்வொரு ரெஜிமென்டும் அரச வாழ்த்தை ஒவ்வொரு சுருதியில் வாசித்து மானம் போனதுதான் காரணம் என்பார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1950இல், கரியப்பா தளபதியாக இருந்தபோது, இந்திய ராணுவம் மத்தியப் பிரதேசத்தின் பச்மரியில் ராணுவ இசைப் பிரிவைத் தொடங்கியது. அங்கே சுரக்குறிப்பு, ஒத்திசைவு, குழுவுக்கு எழுதுவது, நடத்துவது எல்லாம் முறையாகக் கற்பிக்கிறார்கள். முடித்தவருக்குப் பதவி உண்டு, சம்பளம் உண்டு, ஓய்வூதியம் உண்டு. அதாவது இந்த நாட்டில் பேண்டு நடத்துவது மதிப்புள்ள கல்வி என்று அரசுக்குத் தெரியும். சீருடை ராணுவத்துடையதாக இருந்தால் மட்டும்.

தமிழ்நாட்டுக்கு வாருங்கள். மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் கற்பிக்கிறார்கள். நாதசுரமும் தவிலும் அந்தப் பட்டியலில் இருப்பது நல்லது. அந்தக் கலைஞர்களும் சாதி அவமானத்தை அறிந்தவர்கள்தான். வயலின் கூட ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான், கர்நாடக சங்கீதம் எடுத்துக்கொண்டதால் நம்முடையதாகிவிட்டது. கிளாரினெட்டைச் சேரி எடுத்துக்கொண்டது. அதனால் அது இன்னும் பாடமாகவில்லை. இசைக்குழு நடத்துதலை ஒரு பட்டமாக நம் அரசு இசைக்கல்லூரிகள் யோசித்ததே இல்லை.

சரி, வெளிநாடு போய்ப் படிக்கட்டுமே என்பீர்கள். முதுகலைக்கு விண்ணப்பிக்க இசையில் இளங்கலைப் பட்டமோ அதற்கு இணையான பயிற்சியோ வேண்டும். சுரக்குறிப்பைப் பார்த்ததும் படிக்க வேண்டும், காதுத் தேர்வு எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, விண்ணப்பதாரர் ஒரு குழுவை நடத்தும் காணொளி வேண்டும். கேமரா வாசிப்பவர்களின் இடத்திலிருந்து அவர் முகத்தையும் கையையும் பார்க்க வேண்டும். ஒரு துறையில் ஆண்டுக்கு ஒருவர், இருவர்தான் எடுப்பார்கள். எடுத்தால் பல இடங்களில் கட்டண விலக்கும் உதவித்தொகையும் உண்டு, ஏனென்றால் அந்த மாணவரே அங்குள்ள பேண்டுக்குப் பயிற்சியும் கொடுப்பார். பணம் கடைசித் தடைதான். அதற்கு முன்னால் இருக்கும் தடைகள் எல்லாம் இங்கே, நம் ஊரில் நாம் எழுப்பியவை.

ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகையையும் பாருங்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கான அந்தத் திட்டத்தில், 2022இல் ஒரு விதியைச் சேர்த்தார்கள். இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகியவற்றுக்கு உதவி கிடையாது. ஆக, ஆம்பூர் பையன் பறையையோ பேண்டு செட்டையோ வெளிநாட்டில் ஆய்வு செய்யப் போனால் விதி மறிக்கும். ஹோல்ஸ்ட் எழுதிய பேண்டு இசையை நடத்தப் போனால் கையில் இளங்கலை இசைப்பட்டம் இருக்காது.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் இந்தச் சுவரில் முட்டியவர்கள். டீன் டிக்சன் 1941இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கை நடத்திய முதல் கறுப்பர். நிரந்தர வேலை மட்டும் எந்த அமெரிக்க இசைக்குழுவும் தரவில்லை. 1949இல் நாட்டைவிட்டுப் போனார். ஸ்வீடனும் ஜெர்மனியும் பதவி கொடுத்தன. வில்லியம் பி. ஃபாஸ்டரின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்தபோது, கறுப்பர்களுக்கு நடத்துநர் வேலை கிடையாது என்று அவரிடம் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். அவர் 1946இல் கறுப்பின மாணவர்களுக்கான ஃபுளோரிடா ஏ அண்ட் எம் கல்லூரிக்குப் போய் அங்கிருந்த பேண்டைக் கையில் எடுத்தார். 1955இல் கொலம்பியாவில் முனைவர் பட்டம் வாங்கினார். 1989இல் பிரெஞ்சுப் புரட்சியின் இருநூறாம் ஆண்டு விழாவில் பாரிஸ் வீதியில் அமெரிக்காவின் சார்பாக நடந்தது அவருடைய பேண்டுதான். ஃபாஸ்டரிடம் இருந்த திறமை நம் மாஸ்டர்களிடமும் உண்டு. அவருக்குப் பின்னால் கறுப்பின மக்களுக்கென ஒரு கல்லூரி இருந்தது.

இந்த இடத்தில் தோழர்கள் சிலர் கோபப்படுவார்கள் என்று தெரியும். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தது நம் போராட்டம். அதற்காக அடி வாங்கிய ஊர்கள் உண்டு. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வியை எதிர்த்து ஓடஓட விரட்டியது இந்த மண். இப்போது சேரிப் பிள்ளைக்குப் பேண்டு படிப்பா என்று கேட்டால், கேள்வி நியாயமானது. என் பதில் இதுதான். குலக்கல்வி அப்பன் தொழிலோடு பிள்ளையை நிறுத்தியது. அங்கே சான்றிதழும் இல்லை, மேலே போக வழியும் இல்லை. நான் கேட்பது எந்தச் சாதிப் பிள்ளையும் சேரக்கூடிய பட்டம். அதில் சேராமல் மருத்துவம் படிக்கும் உரிமை சேரிப் பிள்ளைக்கு அப்படியே இருக்க வேண்டும். ஆதிக்கச் சாதி வீட்டுச் சாவுக்குப் போக மறுப்பதும், ஐம்பது பேர் கொண்ட குழுவின் முன்னால் கோலோடு நிற்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. பறை இசைக்காக வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். விருது ஒருவரோடு முடிந்துவிடும். பாடத்திட்டம் அப்படி முடியாது.

ஆகவே கேட்க வேண்டியதைக் கேட்போம். தமிழ்நாடு இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தில் பேண்டு இசைக்கும் குழு நடத்துதலுக்கும் பட்டயமும் பட்டமும் வேண்டும். நுழைவு வாசிப்பை வைத்து இருக்க வேண்டும், கர்நாடக ராகம் பாடச் சொல்லி அல்ல. இருபது, முப்பது ஆண்டு அனுபவமுள்ள மாஸ்டர்களைப் பட்டம் கேட்காமல் ஆசிரியராக எடுக்க வேண்டும். சுரக்குறிப்பு கற்பிக்க வேறு ஆள் வரட்டும், இருவரும் ஒருவருக்கொருவர் கற்றுக்கொள்ளட்டும். சி.எஸ்.ஐ. சபைகளின் பாடகர் குழுக்களில் டானிக் சோல்ஃபா தெரிந்தவர்கள் இந்த மாவட்டங்களிலேயே இருக்கிறார்கள்.

அரசு அசையும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வேலூரிலோ ஆம்பூரிலோ ஒரு மண்டபம், இருபது வாசிப்பாளர்கள், நடத்துபவர் முகம் பார்க்க ஒரு கேமரா போதும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் விண்ணப்பம் டிசம்பரில் முடிகிறது. அதற்குள் அனுப்ப வேண்டுமானால் ஆவணியிலேயே ஒத்திகை தொடங்க வேண்டும். கல்யாண மாதம்தான், மாஸ்டர்களுக்கு வேலை அதிகம். ஞாயிறு மாலை கேட்டுப் பார்க்கலாம்.