'அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர்'

காலையில் ஐயப்பன்தாங்கல் பணிமனையில் பேருந்துக்குக் காத்து நிற்பவர்களில் இரு சாராரைச் சட்டென்று அடையாளம் காணலாம். டூட்டிக்குக் கிளம்பிய செவிலியர்கள் ஒரு சாரார். ஸ்கேன் கவரும் ஃபைலுமாக நிற்பவர்கள் மறு சாரார். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவமனை கூப்பிடு தூரம். புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால் சிலர் அடையாறுக்குப் போகிறார்கள், சிலர் பூந்தமல்லி வழியே காரப்பேட்டை அரசு மருத்துவமனைக்கு. எங்கே போனாலும் நோயாளி வாய்விட்டுக் கேட்பது செவிலியரிடம்தான். அந்தக் கேள்விகளுக்கு அவரைத் தயார்செய்யாமல் வார்டுக்கு அனுப்புவது தவறு என்கிறோம்.

ரவுண்ட்ஸ் வரும் மருத்துவர் சில நிமிடங்களில் அடுத்த படுக்கைக்கு நகர்ந்துவிடுவார். அதற்குப் பிறகுதான் கேள்விகள் வரும். முடி மறுபடி முளைக்குமா? கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தால் உடம்பு கருகிவிடுமா? ஒரே தட்டில் சாப்பிட்டால் பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளுமா? இவற்றுக்கெல்லாம் தெளிவான பதில் உண்டு. தெரிந்தவர் இரண்டு நிமிடத்தில் பயத்தைப் போக்கிவிடலாம்.

வேறொரு கேள்வி இருக்கிறது. வராந்தாவில் ஓரங்கட்டி மகன் சொல்கிறார்: "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க சிஸ்டர், தாங்க மாட்டாரு." அன்றிரவு டிரிப்ஸ் மாற்றப் போனால் அப்பா கேட்கிறார்: "எனக்கு என்னம்மா வந்திருக்கு? நீயாவது சொல்லு." கேட்கப்படுபவர் படிப்பு முடித்து ஓராண்டுகூட ஆகாத பெண்ணாக இருக்கலாம். சொன்னால் குடும்பம் சண்டைக்கு வரும். மேலிடம் விளக்கம் கேட்கும். "டாக்டரைக் கேளுங்க" என்று நகர்ந்துவிடுகிறார். அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

ஆனால் இதற்கு வழிமுறை இருக்கிறது. நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும், இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் கேட்க வேண்டும். 'ஒன்றும் ஆகாது' என்று அவசரமாகத் தேற்றக் கூடாது. கேட்டதை கேஸ் ஷீட்டில் எழுதி மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். மகனையும் உட்காரவைத்துப் பேச வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்தால் வராது. ஒருவர் நோயாளியாக நடிக்க, தமிழில், பலமுறை பேசிப் பழக வேண்டும். கனிவு பிறவியிலேயே வர வேண்டும் என்பார்கள் சிலர். ஊசிக்கு நரம்பு பிடிப்பது மட்டும் பிறவியிலா வந்தது?

1967இல் லண்டனில் இறுதிநிலை நோயாளிகளுக்கான செயின்ட் கிறிஸ்டோபர் காப்பகத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ் முதலில் செவிலியர், பிறகுதான் மருத்துவர். உடல்வலியோடு மனம், குடும்பம், பணக்கவலை எல்லாம் சேர்ந்ததே நோயாளியின் வலி என்றார் அவர். கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலிநிவாரண கிளினிக் அந்த வழியில் ஒரு மாநிலத்தையே நடத்திக் காட்டியது. முத்துலட்சுமி ரெட்டி முயன்று 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மையத்தில் நோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனித் துறை இயங்குகிறது. கற்றுக்கொடுக்க ஆளைக் கடல் கடந்து தேட வேண்டியதில்லை.

ஆலோசகர்களை நியமித்தால் போதாதா? நியமிக்கட்டும், வரவேற்போம். ஆனால் இரவு இரண்டு மணிக்கு வார்டில் விழித்திருப்பவர் ஆலோசகர் அல்ல.

2019இல் எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில் நோயாளியிடம் பேசும் முறை சேர்ந்தது. 2021இல் பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டமும் திருத்தப்பட்டது. பாடத்தில் இருந்தால் மட்டும் போதாது. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் நர்சிங் இறுதியாண்டு செய்முறைத் தேர்வில் நோயாளியிடம் பேசும் முறைக்குத் தனி மதிப்பெண் வைக்கட்டும். மதிப்பெண் இல்லாததை எந்தக் கல்லூரி கற்றுக்கொடுத்திருக்கிறது? ஏற்கெனவே பணியில் இருப்பவர்களில், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் நோய்த்தணிப்புச் செவிலியர்களுக்கே இந்தப் பயிற்சியில் முதலிடம் தர வேண்டும். முற்றிய நோயாளியின் வீட்டுக்குள் நுழையும் அவர்களுக்குத் துணைக்கு மருத்துவரும் இல்லை, வார்டும் இல்லை.

பயிற்சி கொடுத்துவிட்டுப் பேச நேரம் கொடுக்காவிட்டால் சான்றிதழ்தான் மிஞ்சும். கற்பிக்கும் மருத்துவமனையில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மற்றவற்றில் ஐவருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறி. புற்றுநோய் வார்டுகளிலாவது இதை அரசும் தனியார் நிர்வாகங்களும் கடைப்பிடிக்க வேண்டும். நோயாளி கேட்டால் யார், எதுவரை சொல்லலாம் என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் எழுத்தில் தர வேண்டும். அந்த வரம்புக்குள் உண்மை சொன்ன செவிலியருக்கு மெமோ வரக் கூடாது.