கணக்கில் வராத ஆங்கிலம்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்ததும் எமது வீடுகளில் கேட்கப்படும் முதற் கேள்வி, "இசட் புள்ளி எவ்வளவு?" என்பதுதான். அடுத்த கேள்வி, "மாவட்டத்தில் எத்தனையாவது?" என்பது. பெறுபேற்றில் 'பொது ஆங்கிலம்' என்று இன்னுமொரு வரியும் இருக்கும். அதில் 'எஃப்' விழுந்திருந்தாலும் வீட்டில் ஒருவரும் முகம் வாடுவதில்லை. பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி மூன்று பிரதான பாடங்களில் இருந்தே கணிக்கப்படுகிறது. பொது ஆங்கிலத்தின் புள்ளி அந்தக் கணக்கில் சேராது. கணக்கில் சேராத பாடத்துக்கு ஏன் நேரத்தைச் செலவழிப்பான் என்று பிள்ளையும் நினைக்கிறது, பெற்றோரும் நினைக்கிறார்கள், பல இடங்களில் பாடசாலையும் அப்படியே நினைக்கிறது.

எனது கருத்து இதற்கு நேர்மாறானது. தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்கள் அந்த ஒரு வரியைத்தான் எல்லாவற்றிலும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்பேன்.

காரணம் எளியது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம், விஞ்ஞானம், பொறியியல், விவசாயம் ஆகியவை ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. ஏனைய பல்கலைக்கழகங்களிலும் இத்துறைகளின் நிலை இதுவே. முதலாம் வகுப்பு முதல் பதின்மூன்றாம் வகுப்பு வரை தமிழில் படித்த பிள்ளை, ஒரு திங்கட்கிழமை காலையில் விரிவுரை மண்டபத்தில் போய் அமர்கிறது. அன்று தொடக்கம் குறிப்பு எடுப்பது ஆங்கிலத்தில், புத்தகம் ஆங்கிலத்தில், சில மாதங்களில் வரும் பரீட்சையும் ஆங்கிலத்தில். உண்மையான ஆங்கிலப் பரீட்சை அனுமதிக்கு முன்னர் வருவதில்லை, அனுமதி கிடைத்த பின்னரே வருகிறது. பொது ஆங்கிலம் அதற்கு ஓர் ஒத்திகை. ஒத்திகையைத் தவறவிட்டவன் மேடையில் தடுமாறுகிறான்.

கிளிநொச்சியில் இருக்கும் விவசாய பீடத்தை எண்ணிப் பாருங்கள். வேலணையிலோ புங்குடுதீவிலோ வேர்கொண்ட ஒரு தோட்டக்காரரின் பிள்ளை அங்கே போகிறது. மாரி மழைக்குப் பின் கிணற்றுத் தண்ணீர் நன்றாக இருக்கும் என்பதும், கோடை முற்றும்போது அதே கிணறு உவர்க்கும் என்பதும், அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருக்கும் உப்புத்தண்ணீர் மேலே வரும் என்பதும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவை அல்ல. ஆனால் 'சலினிற்றி' என்று விரிவுரையாளர் தொடங்கியதும், தன் வீட்டுக் கிணற்றைப் பற்றித்தான் பேசுகிறார் என்பது பிள்ளைக்கு விளங்குவதில்லை. அறிவு இருக்கிறது. அதைக் காட்டும் மொழி இல்லை. பக்கத்தில் இருக்கும் பட்டணத்துப் பிள்ளைக்குக் கிணறு தெரியாது, ஆனால் சொல் தெரியும். புள்ளி சொல்லுக்கே விழுகிறது.

முன்னையோருக்குக் கிடைத்த விளக்கு

ஆங்கிலம் என்றால் யாழ்ப்பாணத்தானுக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று பழையவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். 1816இல் அமெரிக்க மிசனரிமார் இங்கு வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியைத் தொடங்கினார்கள். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது, அதன் முதற் பட்டதாரிகளாக வந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை ஆகிய இருவரும் அந்தச் செமினரியில் படித்த யாழ்ப்பாணத்தவர்களே. மொழி வேறு, கடலுக்கு அப்பால் பரீட்சை, ஆயினும் முதலிடம் எமதாயிற்று.

இக்கதையைச் சொல்லும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். அந்தச் செமினரி ஒரு விடுதிப் பாடசாலை. மாணவனுக்குச் சோறு, படுக்க இடம், இரவில் விளக்கு, கேட்டால் விளக்கம் சொல்ல ஓர் ஆசிரியர், இடையில் அறுபடாத பல வருடங்கள், இத்தனையும் இருந்தன. திறமை அவர்களுடையது. அந்தத் திறமை வளர்ந்தது இந்த ஏற்பாட்டின் நடுவில்.

பின்னர் 1945 தொடக்கம் இலவசக் கல்வியும் தாய்மொழிக் கல்வியும் வந்தன. அதை நான் குறை சொல்லமாட்டேன். கமக்காரனின் பிள்ளையும் கடற்றொழிலாளியின் பிள்ளையும் பல்கலைக்கழக வாசலை மிதித்தது அதனாலேயே. ஆனால் ஆங்கிலம் ஒரு பாடமாகச் சுருங்கியபோது, அது வசதி உள்ள வீட்டுக்குள் போய் இருந்துகொண்டது. வெளியே நின்றவர்களில் தீவகப் பிள்ளைகளே கடைசி வரிசை.

எங்களிடமிருந்து போனவை

1990 ஓகஸ்டில் தீவகத்திலிருந்து கிளம்பியவர்கள் குடாநாட்டின் பாடசாலைகளிலும் கோயில் மடங்களிலும் உறவினர் வீட்டு விறாந்தைகளிலும் ஒதுங்கினார்கள். அவர்களிற் பலர் 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்தை விட்டு மறுபடி நடந்தார்கள். சிலர் அங்கிருந்து வன்னிக்கும், 2009 வரை அதற்குள்ளேயே இடம் விட்டு இடமும் போனார்கள். காணி போனது, மாடு போனது, வீட்டுக் கூரை போனது. இவற்றை எழுதிக் கொடுக்க ஒரு படிவம் இருந்தது. பிள்ளையின் அறுபட்ட வருடங்களை எழுத எந்தப் படிவத்திலும் இடம் இருக்கவில்லை. கணக்குப் பாடத்தில் ஓர் அத்தியாயம் தவறினால் இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளலாம். மொழி அப்படியல்ல. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஊறுவது அது. ஊறல் நின்றால் கிணறு வற்றும்.

ஆயினும் அந்த மின்சாரமில்லாத ஆண்டுகளிலும் பிள்ளைகள் படித்தார்கள். ஜாம் போத்தலில் துளி எண்ணெய் விட்டு எரித்த விளக்கு பலருக்கு நினைவிருக்கும். சைக்கிளை நிறுத்தி வைத்து மிதித்து, டைனமோவில் வானொலி கேட்டோம். தமிழ்ச் செய்தி முடிந்ததும் ஆங்கிலச் செய்தியையும் விளங்கினாலென்ன, விளங்காவிட்டாலென்ன என்று கேட்ட வீடுகள் இருந்தன. இப்போது மின்சாரம் இருக்கிறது, கைத்தொலைபேசி இருக்கிறது. அந்தப் பத்து நிமிடச் செவிப்பழக்கம் மட்டும் இல்லை.

போட்டியின் அமைப்பையும் பாருங்கள். பல்கலைக்கழக அனுமதியில் யாழ்ப்பாண மாவட்டம் ஓர் அலகு. நெடுந்தீவில் ஆசிரியர் வந்தாரா, படகு ஓடியதா என்று பார்த்துப் பாடசாலை போகும் பிள்ளையும், நகரக் கல்லூரியில் காலையும் மாலையும் வகுப்புள்ள பிள்ளையும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். தீவுப் பாடசாலைக்கு நியமனம் பெற்றவர் இடமாற்றம் தேடுவதும், அந்த வெற்றிடம் நெடுநாள் கிடப்பதும் நாம் பழகிப்போன காட்சிகள். இத்தனையையும் தாண்டி உள்ளே போகிற பிள்ளை, உள்ளே போன பின் மொழியால் விழுவது எத்தனை பெரிய அநியாயம்!

நான் விட்ட பிழை

1993இல், இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் மாலை வேளையில் ஆங்கிலம் படிப்பித்துக் கொண்டிருந்தேன். வேலணைப் பக்கத்துப் பையன் ஒருவன் வருவான். கிணற்றைத் திருத்தித் தரும்படி அரசாங்க அதிபருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள் என்று ஒருநாள் சொன்னேன். அவன் 'தொலைக்காட்சியின் பயன்கள்' என்ற கட்டுரையை ஒரு சொல் பிசகாமல் எழுதித் தந்தான். ஊரில் மின்சாரமே இல்லாத காலம்! "என்னடா இது?" என்றேன். "சேர், எனக்குப் பாடமாக்கினது இது ஒன்றுதான்" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. பிறகுதான் யோசித்தேன். பாடமாக்கச் சொன்னவன் யார்? நான்தான். பரீட்சைக்கு ஆங்கிலம் என்றால் பத்துக் கட்டுரையை மனனம் செய்வது என்று அவனுக்குக் காட்டியதும் நான்தான். மறுநாள் அவனிடம், உன் வீட்டுக் கிணற்றைப் பற்றித் தமிழில் சொல் என்றேன். கால் மணித்தியாலம் நிறுத்தாமல் சொன்னான். எத்தனை பாகம் ஆழம், எந்த மாதம் உவர்க்கும், யார் வெட்டினார், எந்தப் பக்கம் இடிந்தது, எல்லாம் சொன்னான். அதில் மூன்று வசனத்தை எடுத்து ஆங்கிலமாக்கினோம். பிழையோடுதான் எழுதினான். ஆனால் அவை அவனுடைய வசனங்கள். ஒரு கிழமையில் பத்து வசனம் ஆயின.

1995இல் அந்த வகுப்பும் கலைந்தது. அவன் எங்கு போனான் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அதன் பின் நான் எந்தப் பிள்ளைக்கும் கட்டுரை பாடமாக்கச் சொன்னதில்லை.

எப்படி ஆயத்தம் செய்வது?

முதலாவது, தெரிந்ததை எழுதப் பழக வேண்டும். கிணறு, பனை, ஆடு, படகுத்துறை, நிவாரண வரிசை, எது தெரியுமோ அது. நாளொன்றுக்கு ஐந்து வசனம் போதும். பரீட்சையில் எந்தத் தலைப்பு வந்தாலும் கை நிற்காது.

இரண்டாவது, இரு மொழிகளும் எங்கே பிரிகின்றன என்று அறிய வேண்டும். "நான் கிணற்றில் தண்ணீர் அள்ளினேன்" என்னும்போது எமது வினை கடைசியில் நிற்கிறது. ஆங்கிலத்தில் 'நான்' என்றதும் 'அள்ளினேன்' வந்துவிட வேண்டும், தண்ணீரும் கிணறும் அதன் பின்னாலேயே வரும். பெயர்ச்சொல்லுக்கு முன் 'ஏ', 'ஆன்', 'த' போடும் வழக்கம் தமிழில் இல்லை, ஆகவே அங்கே பிழை விடுவோம். அவன், அவள், அது என்று வரும் நிகழ்கால வினையின் கடைசியில் 'எஸ்' வேண்டும், அதையும் மறப்போம். எமது பிள்ளைகளின் பிழைகளிற் பெரும்பங்கு இந்த மூன்று இடங்களிலேயே. மூன்று களையைப் பிடுங்கினால் வயல் வெளித்துவிடும்.

மூன்றாவது, வினாவின் ஏவற்சொற்களை அறிய வேண்டும். 'டிபைன்' என்றால் வரைவிலக்கணம் கூறுதல், 'கொம்பெயர்' என்றால் ஒப்பிடுதல், 'எக்ஸ்பிளெயின்' என்றால் காரணத்தோடு விளக்குதல், 'லிஸ்ற்' என்றால் பெயர்களை மட்டும் வரிசைப்படுத்துதல். ஒப்பிடச் சொன்ன இடத்தில் வரைவிலக்கணம் எழுதினால், எழுதியது சரியாயினும் புள்ளி இல்லை. பல்கலைக்கழகத்தில் இப்படி இழக்கும் புள்ளிகள் ஏராளம்.

நான்காவது, தன் பாடத்தின் சொற்களை இரு மொழியிலும் ஒரு கொப்பியில் எழுதி வர வேண்டும். உயர்தரம் படிக்கும் இரண்டு வருடமும் நாளொன்றுக்கு இரண்டு சொல் என்றால், பல்கலைக்கழகம் போகும்போது ஆயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் கையில் இருக்கும்.

ஐந்தாவது, உரத்து வாசிக்க வேண்டும். எனக்கு ஆங்கிலம் தெரியாதே என்று தாய்மார் சொல்வார்கள். தெரியத் தேவையில்லை, அம்மா. பிள்ளை வாசிக்கும்போது பக்கத்தில் இருந்து கேளுங்கள். கேட்க ஆள் இருந்தால் பிள்ளை வாசிக்கும்.

காத்திருக்கும் மாதங்கள்

உயர்தரப் பரீட்சை முடிந்து பல்கலைக்கழகம் தொடங்கும்வரை நீண்ட மாதங்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பட்டணத்துப் பிள்ளை அப்போது ஆங்கில வகுப்புக்குப் போகிறது. எமது பிள்ளை தோட்டத்துக்கோ கடைக்கோ கூலிக்கோ போகிறது. வீட்டு நிலைமை அப்படி, அதை நிறுத்துங்கள் என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. இரவில் ஒரு மணித்தியாலத்தை மட்டும் பிள்ளைக்கு விட்டுக் கொடுங்கள் என்றே கேட்கிறேன். பல்கலைக்கழகங்கள் தொடக்கத்தில் சில வாரங்கள் ஆங்கிலப் பயிற்சி வைப்பதுண்டு. பதின்மூன்று வருடக் குறையைச் சில வாரங்களில் எவராலும் நிரப்ப முடியாது.

வீட்டால் மட்டும் ஆகும் காரியமும் இது அல்ல. எமது ஊர்களில் வாசிகசாலைகளும் சனசமூக நிலையங்களும் இருந்தன, சில இடங்களில் இன்னும் கட்டடமாவது இருக்கிறது. மாலையில் அதைத் திறந்து ஒரு மேசை, ஒரு விளக்கு, ஓர் ஆங்கிலப் பத்திரிகை, கடந்தகால வினாத்தாள் கட்டு ஒன்று வைக்கலாம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் எமது ஊர்ச் சங்கங்கள் கோபுரத்துக்கும் பாடசாலை வளைவுக்கும் மனமுவந்து தருகின்றன. வளைவு கட்டும் செலவில் ஒரு பங்கை, காத்திருக்கும் மாதங்களில் வகுப்பு நடத்தும் ஆசிரியர் ஒருவரின் சம்பளமாகத் தந்தால் என்ன? நயினாதீவுத் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் இளைஞர்கள், நாளுக்கு இரண்டு மணித்தியாலம் எமது பிள்ளைகளோடு இருந்து ஆங்கிலத்தில் பேசினால் அதுவும் ஒரு கொடை.

ஆங்கிலம் படித்தால் தமிழ் போய்விடும் என்று அஞ்சுவோருக்கு ஒரு சொல். தனிநாயகம் அடிகள் 1913இல் ஊர்காவற்றுறை, கரம்பொன்னில் பிறந்தவர். தமிழைப் பற்றி உலகம் அறியட்டும் என்று ஆங்கிலத்திலேயே 'தமிழ் கல்ச்சர்' இதழை நடத்தினார். 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூடுவதற்கு முன்னின்றவரும் அவரே. தீவு மண்ணில் பிறந்த ஒருவர் அந்நிய மொழியைத் தமிழுக்குத் தோணியாக்கினார்.

ஆகவே, அடுத்த முறை பெறுபேறு வரும்போது இசட் புள்ளியைப் பாருங்கள், மகிழுங்கள். பிறகு அந்தக் கடைசி வரியையும் பாருங்கள். அது கணக்கில் வராத வரிதான். ஆனால் பிள்ளை பல்கலைக்கழகத்தில் கால் வைத்த மறுநாள் தொடக்கம் கணக்குக் கேட்கப் போவதும் அந்த வரியே.